பண்ணாடிக்கு ஒரு சரசு

சரசு பிறக்கவே இல்லை. ஆனாலும் பவானிசாகர் அணைக்குப் பின்னால், நீர் வற்றிக் கிடக்கும் புல்வெளியில், பல வருடங்களாக அவள் பாட்டுக்குக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். கரையோர ஊரான சின்னப்புதூரில் அவளைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. பார்த்தவர்தான் ஒருவரும் கிடையாது. கூச்ச சுபாவமுள்ள காண்டாமிருகம் என்று ஊரே சேர்ந்து அவளுக்கு நற்சான்று கொடுத்திருந்தது.

அவளை உண்டாக்கியவள் மகிழினி. வாசனை வேதியியல் படித்தவள். ஒரு சோப்புக் கம்பெனியில் தாழம்பூவே இல்லாமல் தாழம்பூ வாசம் தயாரித்துக்கொண்டிருந்தவளை ஒற்றைக்கொம்பன் மீட்பு நிலையம் கூப்பிட்டுக்கொண்டது. அங்கே அவள் செய்யும் வேலை என்ன என்று பிற்பாடு தெரிந்ததும் அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மிருகம் போடற லத்தியைச் செய்யறதுக்கா இத்தனை வருசம் படிச்சே? வெளிய சொல்லிறாதே. ஆராய்ச்சின்னு மட்டும் சொல்லு."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. விஷயமே அப்படித்தான் இருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு நுரையீரல் காய்ச்சல் வந்து உலகத்திலிருந்த காண்டாமிருகங்களை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. கொம்புக்கு ஆசைப்பட்டு மனிதன் நூற்றாண்டுக் கணக்கில் மெனக்கெட்டும் முடிக்காத காரியத்தை ஒரு கிருமி இரண்டே மழைக்காலத்தில் முடித்துவிட்டது. உறைய வைத்திருந்த உயிரணுக்களை எடுத்துச் செயற்கைக் கருப்பையில் வளர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் தங்கவில்லை. இங்கே பிழைத்தது ஒன்றே ஒன்று, ஒரு ஆண் கன்று. வளர்ந்ததும் அதைப் புல்வெளியில் திறந்துவிட்டார்கள். வரப்பு மேல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கும் நிலக்காரரைப் போல அது நடந்ததால் ஊர்க்காரர்கள் பண்ணாடி என்று பேர் வைத்தார்கள். கொங்குச் சீமையில் நிலக்காரரை வேலையாட்கள் கூப்பிடும் பேர் அது.

பேர் என்னவோ ஜோர்தான், ஆனால் பண்ணாடி சாப்பிடவில்லை. வேலியில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நாள் முழுக்க நின்றான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நிலையத்தின் இயக்குநர் இர்ஃபான் ஷெரீப் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்.

"ரத்தம் நல்லா இருக்கு, குடல் நல்லா இருக்கு, புல்லு இடுப்பளவு நிக்குது. வேற என்னதான் கேடு இவனுக்கு?"

"ஊர்ல ஆளே இல்லைன்னு நினைக்கிறான் சார்," என்றாள் மகிழினி. "காண்டாமிருகத்துக்குக் கண்ணு மட்டம். மூக்குதான் எல்லாமே. எல்லாம் ஒரே இடத்துல வந்து லத்தி போடும். ஒண்ணு போட்டதை அடுத்தது மோந்து பார்க்கும். வந்தது யாரு, ஆணா பொண்ணா, வயசென்ன, சீக்கா, சினையா, எல்லாச் சேதியும் அதுல இருக்கும். நமக்கு டீக்கடை மாதிரி அதுங்களுக்கு அந்தக் குவியல். இவன் தினமும் டீக்கடைக்குப் போறான், பெஞ்சு காலியா இருக்கு."

"சரி, அதுக்கு என்ன செய்யலாம்ங்கறே?"

"பெஞ்சுல ஆளை உக்கார வைப்போம்."

அப்படி வந்தவள்தான் சரசு. அரைத்த புல், குடலில் வாழும் நுண்ணுயிர்கள், மகிழினி கலந்து சேர்த்த வாசனைகள், எல்லாம் ஒரு எவர்சில்வர் தொட்டிக்குள் புளித்துச் சரசுவாக வெளியே வந்தது. அதை வண்டியில் ஏற்றிப்போய்ப் புல்வெளியில் குவித்துவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். பண்ணாடி வந்தான். மோந்தான். மேலுதட்டைத் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடி, வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றான். பிறகு போய்ப் புல்லை மேய ஆரம்பித்தான். மகிழினிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இர்ஃபானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆசை யாரை விட்டது? அடுத்ததாக எல்லைக்காரன் என்று ஒரு முரட்டு ஆணையும் செய்தார்கள். அவனுடைய குவியல்களை ஊர்ப்பக்கமாக, மல்லிகைத் தோட்டங்களின் ஓரமாக வரிசையாகப் போட்டார்கள். அதற்கு மேல் பண்ணாடி கால் வைக்கவில்லை. மின்வேலி இல்லை, அகழி இல்லை. இல்லாத ஒருத்தனுக்குப் பயந்துகொண்டு இரண்டு டன் மிருகம் தன் பக்கத்திலேயே கிடந்தது. அப்புறம் ஒரு கிழட்டு ஆண். கணக்குக்கு நான்கு பேர் ஆயிற்று.

ஊருக்கும் நான்கு என்றேதான் சொன்னார்கள். அந்த நிலம் முன்பெல்லாம் தண்ணீர் வற்றினால் சின்னப்புதூர்க்காரர்கள் எள்ளும் கடலையும் விதைத்த நிலம். "ஒத்தை மிருகத்துக்கு இவ்வளவு நிலமான்னு கேட்டா என்ன பதில் சொல்றது? நாலுன்னா ஒரு கூட்டம். விட்டுக்கொடுப்பாங்க," என்றார் இர்ஃபான். கெட்ட மனிதர் இல்லை. மகிழினிக்கும் அது பெரிய தப்பாகப் படவில்லை. ஒரு மிருகத்திடம் சொல்லும் பொய்யை ஊரிடமும் கொஞ்சம் நீட்டுகிறோம், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டாள்.

அது அவ்வளவோடு நிற்கவில்லை. சரசுவின் குவியலில் பருவத்துக்கு வந்த பெண் வாசம் வந்தால் பண்ணாடி அவளைத் தேடிக்கொண்டு நீர்த்தேக்கம் முழுக்க நீந்தி அலைந்தான். அவனை அடக்க ஒரே வழி, சரசுவைச் சினையாக்குவது. தொட்டியில் கலவையை மாற்றினார்கள், பண்ணாடி அடங்கினான். வண்டி ஓட்டும் டெக்னீஷியன் ஜோயல் டீ குடிக்கப் போன இடத்தில், "சரசு மாசமா இருக்கா" என்று வாய்விட்டான். நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சின்னப்புதூர்ப் பெண்கள் கூடிப் பேசி, சரசுவுக்கு வளைகாப்பே நடத்திவிட்டார்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு வந்து நிலைய வாசலில் வைத்து, கதவுக் கம்பியில் பச்சை வளையல்களைக் கோத்துவிட்டுப் போனார்கள். முன்னால் நின்று நடத்தியவர் மல்லிகை விவசாயிகள் சங்கத் தலைவி கோகிலா. வாயாடி, கைராசிக்காரி, ஊரில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

சாதத்தை நிலைய ஊழியர்கள் சாப்பிட்டார்கள். மாதங்கள் போனபின், கரு தங்கவில்லை என்று ஊருக்குச் சொல்லி முடித்தார்கள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அசாமில் ஒரு பெண் கன்றும் பிழைத்து வளர்ந்திருந்தது. ரூபாலி என்று பேர். மழைக்கு முன் அவளை இங்கே கொண்டுவருவதாக முடிவாயிற்று. உலகத்தில் மிச்சமிருந்ததே இந்த இரண்டும்தான். மகிழினிக்குச் சென்னையில் ஒரு விருதும் அறிவித்தார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவள் விருது வாங்கப் போன வாரத்தில்தான் எல்லாம் குட்டிச்சுவராயிற்று.

"வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு அக்கா," என்றான் ஜோயல், அவள் திரும்பி வந்ததும். "வடகரைக்குப் போட வேண்டியது நிலுவையில நின்னுடுச்சு. நீங்க வர்றதுக்குள்ள நிலுவை இல்லாம முடிச்சிரலாம்னு, ஒரே விடியக்காலைல ரெண்டு கரையிலயும் போட்டுட்டேன்."

"ரெண்டு கரையிலயும் யாரைப் போட்டே?"

"சரசுவைத்தான்."

மகிழினி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கரைக்கும் நடுவில் அகலமான தண்ணீர். கேமரா எடுத்த படங்களைப் போட்டுப் பார்த்தாள். பண்ணாடி தென்கரையில் மோந்தான். நீந்திப்போய் வடகரையில் மோந்தான். அங்கேயும் அதே சரசு, அதே சூடு, அதே நேரம். மறுபடி தென்கரைக்கு வந்தான். மறுபடி வடகரைக்குப் போனான். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் புரியாது? கடைசியில் குவியலைக் கொம்பால் குத்திச் சிதறடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

"நான் நல்லதுன்னு நினைச்சுத்தானே அக்கா செஞ்சேன்," என்றான் ஜோயல். கண் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்து பண்ணாடி எந்தக் குவியலிலும் நிற்கவில்லை. சரசுவாவது, கிழவனாவது, எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு நடந்தான். எல்லைக்காரன் மேலிருந்த பயமும் போயிற்று. மல்லிகைத் தோட்டத்துக்குள் புகுந்து, பண்ணைக்குட்டையில் இறங்கிச் சொகுசாகப் படுத்துக்கொண்டான். ஒரு காலையில் அவனை விரட்டப்போன கோகிலாவின் தம்பி லோகநாதன் அவன் எழுந்த வேகத்தில் இடிபட்டு விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊர் கொதித்தது.

இர்ஃபான் மகிழினியைக் கூப்பிட்டனுப்பினார்.

"டெல்லியில சொல்லிட்டாங்க. ரூபாலியையும் இங்க தொறந்துவிட ஊர் சம்மதிக்கலைன்னா ரெண்டையும் சிமெண்ட் கொட்டகையில கட்டிப்போட்டுக் குட்டி எடுக்கச் சொல்றாங்க, ஆயுசுக்கும். ரூபாலியோட லத்தியை விமானத்துல வரவழைச்சுப் போட்டோமே, அதையாவது மோந்தானா?"

"தாண்டிப் போயிட்டான் சார்."

"அப்ப வாசத்தை இன்னும் கெட்டியாக்கு. உன்னால முடியாததா?"

"அவன் மூக்கு கெடலை சார். நம்பிக்கை கெட்டுப்போச்சு. இனிமே நெசமே வந்தாலும் பொய்னுதான் நினைப்பான். ஒரு குவியல்கூடப் போடாம நிறுத்தணும். ஊருக்கும் உண்மையைச் சொல்லணும்."

"சொன்னா அடிப்பாங்க. அவனும் பழையபடி பட்டினி கிடந்து செத்துப்போனா?"

"போகலாம் சார். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இன்னொரு பொய் என்னால கலக்க முடியாது."

இர்ஃபான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு மகிழினி கோகிலாவின் தோட்டத்துக்குப் போனாள்.

கோகிலா மல்லிகை மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார். மடி நிறைய மொட்டு. மகிழினி ஒன்றையும் மறைக்கவில்லை. நான்கு இல்லை, ஒன்றுதான் என்றாள். எல்லைக்காரன் இல்லை, சரசுவும் இல்லை, எல்லாம் தான் தொட்டியில் கலந்தது என்றாள். கோகிலா பறிப்பதை நிறுத்தவில்லை. காதில் விழவில்லையோ என்றுகூட மகிழினிக்குத் தோன்றியது.

"வளையல் கோத்துட்டு வந்தமே, அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லத் தோணலைங்ளா அம்மிணி?" என்றார் கடைசியில்.

"தப்புதாங்க்கா."

"உள்ள சிரிச்சிருப்பீங்."

"சத்தியமா இல்லைங்க்கா. கூசிப்போச்சு."

"எம்புள்ள இளநிலாவுக்குக் கலைஞ்சது அந்த வருசந்தானுங். ரெண்டாவது தடவை. சாப்பாடு எறங்குல, ஆரு மூஞ்சியும் பாக்குல. சரசுக்கும் தங்கலைன்னு நீங்க சொன்னீங் பாருங், அதைத்தான் அவகிட்டச் சொன்னேன். 'காட்டுல ஒண்டியாக் கெடக்கற அதே எந்திரிச்சு மேயுதாம், நீ எந்திரி கண்ணு'ன்னு சொல்லிச் சொல்லித்தான் அவளை எழுப்புனேன். அதுக்கப்பறம் தெனமும் சரசு மேயுதா, சரசு நல்லாருக்காளான்னு கேட்டுக்கேட்டுத்தான் அவ சோறு தின்னா." கோகிலா பறிப்பதை நிறுத்தினார். "நீங்க தொட்டியில கலக்கினதை வெச்சா நான் எம்புள்ளையைத் தேத்துனேன்?"

மகிழினிக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. விருது வாங்கிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அந்த மிருகம் நாலாயிரம் வருசத்துக்கு முந்தின முத்திரையில இருக்குது, பெருமைக்குரியதுன்னு உங்க டைரக்டர் வந்து மைக்கைப் புடிச்சுப் பேசினாருங். நம்மூர்ல எந்தச் சாமியும் அது மேல ஏறி வந்ததில்லை. எங்களுக்கு அதுமேல என்ன பாத்தியதை? சரசு இருந்தா, அதனால ஒட்டுதல் இருந்துச்சு." மடியிலிருந்த மொட்டை எல்லாம் கூடையில் கொட்டினார். "போங் இப்ப. ஊருக்கு நான் இன்னும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த அசாம்காரி வந்ததும் நானே வந்து பாக்கறேன். பாத்துட்டு, தொறக்கலாமா வேண்டாமான்னு சொல்றேன். உங்க வாய்ப்பேச்சு எனக்கு வேண்டாம்."

குவியல்கள் நின்றன. ஜோயல் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தான். பண்ணைக்குட்டைகளைச் சுற்றி நிலையத்துச் செலவில் கம்பி வேலி போட்டுக்கொடுத்தார்கள். பண்ணாடி பாதிதான் மேய்ந்தான், மீதி நேரம் சேற்றில் கிடந்தான். மகிழினி தினமும் தொலைநோக்கியோடு போய் உட்கார்ந்து பார்ப்பாள். அவன் எழுந்து ஒரு வாய் புல் கடித்தால் இவளுக்கும் சோறு இறங்கும். இல்லையென்றால் இல்லை.

மழைக்கு முன் ரூபாலி வந்து சேர்ந்தாள். கரையோரமாகக் கரால் கட்டியிருந்தார்கள். யானைக்குக் கட்டுவார்களே, கட்டை கட்டையாக அடுக்கிய மரக்கூண்டு, அதுதான். அவள் போட்ட லத்தியை எடுத்து வெளியே பண்ணாடி நடக்கும் தடத்தில் வைத்தார்கள். நினைத்தபடியே தாண்டிப் போனான். சரி, அவளாவது அவனைத் தெரிந்துகொள்ளட்டும் என்று அவனுடைய லத்தியைக் கராலுக்குள் போட்டார்கள். ரூபாலி அதை மிதித்துக்கொண்டு தீவனத்துக்குப் போனாள். மூக்கைக்கூடத் தாழ்த்தவில்லை.

மகிழினி உடனே அசாம் நிலையத்தில் தன்னைப்போலவே வேலை பார்க்கும் ப்ரணதியைத் தொலைபேசியில் பிடித்தாள். ரூபாலிக்கு மூக்கில் ஏதாவது நோயா என்று கேட்டாள்.

"மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது," என்றாள் ப்ரணதி. "அவளும் தனியாக ஏங்கிப்போனாள். நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு நாங்களும் ஒரு ஆணைச் செய்து கொடுத்தோம். ஒரே கலவையை வருடக்கணக்கில் மாற்றாமல் போட்டோம். அவனுக்கு வயசே ஆகவில்லை, ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. ஒரு நாள் அவள் தாண்டிப்போனாள். அதற்குப் பிறகு எதையும் மோந்ததில்லை."

"ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

"நீங்கள் சொன்னீர்களா?"

மகிழினி தொலைபேசியைக் கீழே வைத்தாள்.

அன்று சாயங்காலம் கோகிலா வந்தார். மகிழினி அவரிடம் இதையும் சொல்லிவிட்டாள். அசாமிலும் இதே கூத்துதான், அதற்கு வழிகாட்டியதும் தான்தான், இரண்டும் சேருமா சேராதா என்று தனக்கே தெரியாது என்றாள். கோகிலா அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"ரெண்டுமே ஏமாந்த சென்மங்ளா," என்றார். அவ்வளவுதான்.

கோரைப்புல் விலகியது. பண்ணாடி வந்துகொண்டிருந்தான். தரையை மோக்கவில்லை. கராலுக்குள்ளிருந்து ரூபாலி விட்ட மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக் காதைத் திருப்பித் திருப்பி நேராக வந்தான். அவளும் கட்டை இடுக்குக்கு வந்தாள். இரண்டுக்கும் கண் மட்டம். முகத்தை இடுக்கில் அழுத்திக்கொண்டு, எதிரே நிற்பது என்ன என்று வெகுநேரம் உற்றுப் பார்த்தன. பிறகு ஒன்றின் மூச்சு ஒன்றின் மூக்கில் படும்படி நின்று, உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டன. சண்டை இல்லை. விலகவும் இல்லை. ஜோயல் சட்டென்று குனிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கோகிலா கராலின் மறுபக்கமாக நடந்துபோனார். யாரும் தடுப்பதற்குள் கட்டைகளுக்கு நடுவே கையை விட்டு ரூபாலியின் விலாவில் வைத்தார்.

"அம்மா! கையை எடுங்க!" என்று இர்ஃபான் கத்தினார்.

கோகிலா எடுக்கவில்லை. அந்த விலா ஏறி இறங்குவது அவர் கையோடு சேர்ந்து மகிழினிக்கும் தெரிந்தது.

"சூடா இருக்குதுங்," என்றார். "மூச்சு வுடுது. சரி, தொறந்து வுடுங். ஊருக்கு எல்லாத்தையும் நான் மெதுவாச் சொல்லிக்கறேன்."

இர்ஃபான் ஆட்களுக்குக் கை காட்டினார். ஆட்கள் கட்டைகளை உருவப் போனார்கள். அப்போதுதான் கரை மேல் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவள் இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்தாள். கோகிலாவின் முகம் மாறிவிட்டது.

"இவ எதுக்கு இப்ப வந்தா?" என்று முணுமுணுத்தார். பிறகு மகிழினியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இரும்பாக இருந்தது. "எம்புள்ளைங். இளநிலா. அவகிட்ட நான் இன்னும் சொல்லலைங் அம்மிணி. சொல்ல முடியலை."

இளநிலா கராலுக்கு வந்து நின்றாள். கட்டை இடுக்கில் தெரிந்த பெரிய சாம்பல் உடம்பைப் பார்த்தாள். குழந்தையின் கையைப் பிடித்து அதைச் சுட்டிக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பும் கண்ணீருமாக மகிழினியின் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க்கா, இதுதானுங்ளே சரசு?"

இர்ஃபான் தரையைப் பார்த்தார். ஜோயல் வண்டிப்பக்கம் போய்விட்டான். கோகிலாவின் விரல்கள் இன்னும் மகிழினியின் மணிக்கட்டில்தான் இருந்தன. இனி ஒரு பொய்கூட இல்லை என்று மகிழினி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை.

"ஆமா இளநிலா," என்றாள். "இதுதான் சரசு."